கொவிட்-19 தொற்றும் எச்.ஐ.வி. உடன் வாழ்வோரும்



நிர்ப்பீடனம் பற்றிய அலகைக் கற்கும்போது எச்.ஐ.வி., கொரோனா வைரசு ஆகிய இரண்டையும் நீங்கள் தனித்தனியே படித்திருப்பீர்கள். இவ்விரண்டும் ஒரே உடலில் சந்தித்தால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் விடயமாகும்.

"எச்.ஐ.வி. உடன் வாழும் ஒருவருக்குக் கொவிட்-19 தொற்றினால் யாது நிகழும்?" என வினவினால், "அவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கிடையாது, ஆகவே அவர் நிச்சயம் இறந்துவிடுவார்" என ஒரே வரியில் எழுதிவிடும் மாணவர் உளர். இது பிழையான விடை. "அவருக்கும் ஏனையோருக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை" என எழுதுவதும் பிழையே. சரியான விடை இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. அதனை ஒரு வசனத்தில் முதலிலேயே கூறிவிடலாம்: ஆபத்தின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது, அவர் உடலில் எச்.ஐ.வி. உண்டா என்பதைக் காட்டிலும், அதற்கான சிகிச்சை ஒழுங்காக நடைபெற்று நிர்ப்பீடனம் மீண்டுள்ளதா என்பதே ஆகும்.

இம்முடிவுக்கு விஞ்ஞானிகள் எவ்வாறு வந்தனர் என்பதைப் படிப்படியாக நோக்குவோம்.

1. இரு வைரசுகள் - ஓர் ஒப்பீடு

இரண்டும் ஆர்.என்.ஏ. யைப் பிறப்புரிமைப் பதார்த்தமாகக் கொண்டவை. இவ்வொற்றுமையைத் தவிர ஏனையவற்றில் அவை பெரிதும் வேறுபடுகின்றன.

(அ) தொற்றும் வழி: எச்.ஐ.வி. ஆனது பாலியல் தொடர்பு, குருதி, தாயிடமிருந்து பிள்ளைக்கு ஆகிய வழிகளில் மட்டுமே பரவும். கொரோனா வைரசு பிரதானமாகச் சுவாசத்தின்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூலம் பரவும்.

(ஆ) தாக்கும் கலம்: எச்.ஐ.வி. பிரதானமாகச் சீ.டீ.4 எனும் வாங்கியைக் கொண்ட உதவி ரீ நிணநீர்க்குழியங்களைத் தாக்கும். கொரோனா வைரசு தனது முள் போன்ற புரதத்தால் ஏ.சீ.ஈ.2 எனும் வாங்கியுடன் இணைந்து சுவாசப் பாதையினதும் நுரையீரலினதும் கலங்களுள் நுழையும்.

(இ) கலத்தினுள் நடப்பது: எச்.ஐ.வி. ஒரு றெற்றோ வைரசாகும். றிவேர்ஸ் டிரான்ஸ்கிறிப்டேஸ் எனும் நொதியத்தின் உதவியால் தன் ஆர்.என்.ஏ. யை டி.என்.ஏ. ஆக மாற்றி, விருந்துவழங்கிக் கலத்தின் நிறமூர்த்தத்தினுள் இணைத்துவிடும். கொரோனா வைரசு கலத்தின் கருவினுள் சென்று இவ்வாறு நிலைபெறுவதில்லை. கலத்தின் குழியவுருவிலேயே பெருகி வெளியேறும்.

(ஈ) காலம்: எச்.ஐ.வி. வாழ்நாள் முழுவதும் உடலில் தங்கும். கொரோனா வைரசைச் சாதாரண நிர்ப்பீடனமுள்ள உடல் பெரும்பாலும் சில வாரங்களில் அகற்றிவிடும். "சாதாரண நிர்ப்பீடனமுள்ள" என்னும் சொற்களைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். பகுதி 6 இல் இதற்குத் திரும்பி வருவோம்.

எயிட்ஸ் நோய் பற்றிய முதல் அறிக்கை 1981 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியாயிற்று. அதன் காரணியான வைரசு 1983 இல் பிரான்சின் பாஸ்டர் நிறுவகத்தில் வேறாக்கப்பட்டது. அதற்காக பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொன்தானியே ஆகிய இருவரும் 2008 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். கொவிட்-19 இன் காரணியோ 2019 இறுதியில் சீனாவின் வூஹான் நகரில் நோய் தோன்றிச் சில வாரங்களிலேயே இனங்காணப்பட்டது.

2. இரண்டு அளவீடுகள்

எச்.ஐ.வி. உடன் வாழும் ஒருவரின் நிலையை அறிய வைத்தியர் இரு குருதிப் பரிசோதனைகளைப் பயன்படுத்துவர். இவற்றை வேறுபடுத்தி அறிந்திருத்தல் அவசியம்.

சீ.டீ.4 எண்ணிக்கை: ஒரு கனமில்லிமீற்றர் குருதியிலுள்ள உதவி ரீ கலங்களின் எண்ணிக்கை இதுவாகும். சுகதேகி ஒருவரில் இது ஏறத்தாழ 500 - 1500 ஆகும். 200 இற்குக் கீழே இறங்கினால் அந்நிலை முற்றிய எச்.ஐ.வி. நோய் எனப்படும்.

வைரசுச் சுமை: ஒரு மில்லிலீற்றர் குருதியிலுள்ள எச்.ஐ.வி. யின் பிரதிகளின் எண்ணிக்கை இதுவாகும். தொடர்ந்து மருந்து உட்கொள்பவரில் இது கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்நிலையிலுள்ளவரிடமிருந்து பாலியல் துணைக்கு எச்.ஐ.வி. பரவுவதில்லை என்பதும் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது.

உதவி ரீ கலங்கள் ஏன் இவ்வளவு முக்கியம்? அவை ஒரு படையின் தளபதி போன்றவை. தாமே நேரடியாகப் போரிடுவதிலும் பார்க்க, ஏனைய கலங்களை ஏவுவதே அவற்றின் தொழில். அவற்றின் சமிக்ஞை கிடைத்தாலே பீ நிணநீர்க்குழியங்கள் போதிய பிறபொருளெதிரிகளைச் சுரக்கும், கொல்லும் ரீ கலங்களும் முழு வலுவுடன் தொழிற்படும். ஆகவே சீ.டீ.4 எண்ணிக்கை வீழ்ந்தால் நிர்ப்பீடனத்தின் பல கிளைகளும் ஒருங்கே தளர்வடையும்.

1996 முதல் பல மருந்துகளை ஒன்றுசேர்த்து வழங்கும் வைரசு எதிர்ப்புச் சிகிச்சை நடைமுறைக்கு வந்தது. இச்சிகிச்சை எச்.ஐ.வி. யை முற்றாக அழிப்பதில்லை, அதன் பெருக்கத்தைத் தடுக்கின்றது. பெருக்கம் நின்றதும் சீ.டீ.4 கலங்கள் மெல்ல மெல்ல மீண்டு வருகின்றன. நோய் இனங்காணப்பட்ட அனைவருக்கும், சீ.டீ.4 எண்ணிக்கை எதுவாயினும், உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என 2015 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

3. 2020 இல் எழுந்த இரு கருதுகோள்கள்

2020 மார்ச் 11 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 ஐ உலகளாவிய பெருந்தொற்று என விபரித்தது. அவ்வேளையில் எச்.ஐ.வி. உடன் வாழ்வோர் குறித்து ஒன்றுக்கொன்று முரணான இரு கருதுகோள்கள் இருந்தன.

கருதுகோள் 1: நிர்ப்பீடனம் தளர்ந்திருப்பதால் இவர்களுக்கு நோய் கடுமையாகும்.

கருதுகோள் 2: கொவிட்-19 இல் மரணத்துக்கு ஒரு காரணம் நிர்ப்பீடனத்தின் அளவுமீறிய துலங்கலாகும். இது நுரையீரலிலும் பிற அங்கங்களிலும் கடும் அழற்சியை உண்டாக்குகின்றது. நிர்ப்பீடனம் தளர்ந்தவரில் இத்துலங்கலும் தளர்வாக இருக்கும். ஆகவே அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கலாம்.

இரண்டும் கேட்பதற்கு நியாயமானவையே. எது சரியென்பதை வாதத்தால் தீர்க்க முடியாது, தரவுகளே தீர்க்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து முதலில் வந்த சிறிய அறிக்கைகளில் நோயாளர் தொகை மிகக் குறைவாக இருந்தமையால் அவற்றிலிருந்து திடமான முடிவைப் பெற முடியவில்லை. பெருந்தொகையான மக்களைக் கொண்ட ஆய்வு தேவைப்பட்டது.

4. தென்னாபிரிக்கா தந்த விடை

உலகில் மிக அதிகமானோர் எச்.ஐ.வி. உடன் வாழும் நாடு தென்னாபிரிக்கா ஆகும். அங்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வாழ்கின்றனர். 2020 மார்ச் 5 ஆம் திகதி அங்கு முதலாவது கொவிட்-19 நோயாளி உறுதிப்படுத்தப்பட்டபோது உலகின் பார்வை அந்நாட்டின் மீது திரும்பியதில் வியப்பில்லை.

அந்நாட்டின் மேற்குக் கேப் மாகாணத்தில் அரச சுகாதார சேவையைப் பெறும் ஏறத்தாழ 35 இலட்சம் வளர்ந்தோரின் பதிவுகள் ஆராயப்பட்டன. அவர்களுள் 16 சதவீதமானோர் எச்.ஐ.வி. உடன் வாழ்பவர்கள். ஆய்வுக் காலத்தில் 22,308 பேருக்குக் கொவிட்-19 உறுதிப்படுத்தப்பட்டது, 625 பேர் இறந்தனர். வயது, பால், பிற நோய்கள் ஆகியவற்றைச் சமப்படுத்திப் பார்த்தபோது, எச்.ஐ.வி. உடன் வாழ்வோரின் மரண ஆபத்து ஏனையோரினதைப் போல் ஏறத்தாழ 2 மடங்காக (2.14) இருந்தது. காசநோய் உள்ளவர்களில் அது 2.7 மடங்காக இருந்தது.

ஆகவே கருதுகோள் 2 நிராகரிக்கப்பட்டது. ஆயினும் "2 மடங்கு" என்பதை எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும்? அம்மாகாணத்தில் நிகழ்ந்த கொவிட்-19 மரணங்களுள் எச்.ஐ.வி. யினால் ஏற்பட்டதெனக் கருதத்தக்க பங்கு 100 இற்கு 9 இலும் குறைவே. முதுமையும் நீரிழிவும் அங்கும் பெரிய காரணிகளாக விளங்கின. ஓர் ஆபத்து இரட்டிப்பாகிறது என்பதும், மரணம் நிச்சயம் என்பதும் ஒன்றல்ல.

5. எண்களை வாசிக்கப் பழகுவோம்

இங்கிலாந்தில் 2020 பெப்ரவரி முதல் ஜூன் வரையான காலத்துக்கு 1 கோடி 73 இலட்சம் வளர்ந்தோரின் வைத்தியப் பதிவுகள் ஆராயப்பட்டன. இவ்வாய்வின் எண்களைக் கொண்டு ஒரு பயிற்சி செய்வோம்.

எச்.ஐ.வி. பதிவு உள்ளோர் 27,480 பேர். அவர்களுள் கொவிட்-19 ஆல் இறந்தோர் 25 பேர்.
முழு ஆய்வில் கொவிட்-19 ஆல் இறந்தோர் 14,882 பேர்.

10,000 பேருக்கு எத்தனை மரணம் எனக் கணியுங்கள். எச்.ஐ.வி. உள்ளோரில் அது ஏறத்தாழ 9 ஆகும். ஏனையோரிலும் ஏறத்தாழ 9 ஆகும். அவ்வாறாயின் இரு கூட்டத்தினருக்கும் ஆபத்து சமமா?

அவசரப்பட்டு "ஆம்" எனக் கூற வேண்டாம். கொவிட்-19 மரணங்களில் பெரும்பாலானவை முதியவர்களிடையே நிகழ்ந்தவை. எச்.ஐ.வி. உடன் வாழ்வோரில் மிக முதியவர்கள் குறைவு. இளையோர் அதிகமுள்ள ஒரு கூட்டத்தில் முதியோர் அதிகமுள்ள கூட்டத்துக்குச் சமமான மரண வீதம் காணப்படுமாயின், அங்கு மேலதிக ஆபத்து ஒன்று மறைந்திருக்கின்றது என்பதே பொருள். வயதையும் பாலையும் சமப்படுத்தியபோது எச்.ஐ.வி. உள்ளோரின் ஆபத்து 2.9 மடங்காகத் தெரிந்தது. வறுமை, இனக்குழு, புகைத்தல், உடற்பருமன் ஆகியவற்றையும் கருத்திற் கொண்டபோது அது 2.6 மடங்கு அளவுக்குக் குறைந்தது.

இப்பயிற்சியிலிருந்து இரு பாடங்களைக் கற்கலாம். ஒன்று, சமமானவற்றையே ஒப்பிட வேண்டும். மற்றையது, மடங்கு பெரிதாயினும் உண்மையான எண்ணிக்கை சிறிதாக இருக்கலாம். அக்காலப்பகுதியில் எச்.ஐ.வி. உள்ளோர் 10,000 பேரில் 9,990 இற்கு மேற்பட்டோர் கொவிட்-19 ஆல் இறக்கவில்லை.

2021 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் 24 நாடுகளின் வைத்தியசாலைத் தரவுகளை வெளியிட்டது. அதன்படி, அனுமதிக்கப்பட்ட நோயாளருள் எச்.ஐ.வி. உள்ளோர் இறக்கும் ஆபத்து ஏனையோரினதை விட 30 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆய்வுகளிடையே மடங்கு வேறுபடுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஓர் ஆய்வு முழுச் சனத்தொகையையும் எடுக்கும், மற்றது வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோரை மட்டும் எடுக்கும். ஆனால் திசை ஒன்றே: ஆபத்து ஓரளவு அதிகம்.

6. யாருக்கு ஆபத்து அதிகம்?

எச்.ஐ.வி. உடன் வாழ்வோர் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. பின்வருவோருக்கு ஆபத்துக் கூடுதலாகும்.

(அ) சீ.டீ.4 எண்ணிக்கை 200 இற்குக் குறைந்தவர்கள். தென்னாபிரிக்க வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொவிட்-19 நோயாளரின் தரவுகளில் இது தெளிவாகத் தெரிந்தது.
(ஆ) சிகிச்சை தொடங்காதவர்கள் அல்லது இடைநடுவில் நிறுத்தியவர்கள்.
(இ) காசநோய் உள்ளவர்கள் அல்லது முன்னர் இருந்தவர்கள்.
(ஈ) நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய், சிறுநீரக நோய், அதீத உடற்பருமன் உள்ளவர்கள்.
(உ) முதியவர்கள்.

(ஈ), (உ) ஆகியன எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கும் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். மருந்துகளின் பயனால் எச்.ஐ.வி. உடன் வாழ்வோர் இன்று நீண்டகாலம் வாழ்கின்றனர். ஆகவே முதுமையில் வரும் நோய்களும் அவர்களுக்கு வருகின்றன.

ஒரு முக்கிய குறிப்பு: மேற்குக் கேப் ஆய்வில் வைரசுச் சுமை கட்டுப்பட்டவர்களிலும் ஆபத்து ஓரளவு அதிகமாகவே காணப்பட்டது. எனவே "மருந்து எடுத்தால் ஆபத்தே இல்லை" என எழுதக்கூடாது. "மருந்து எடுத்து நிர்ப்பீடனம் மீண்டவர்களில் ஆபத்து முற்றிய நிலையில் உள்ளவர்களிலும் பார்க்கக் குறைவு" என எழுதுவதே பொருத்தமானது.

நீடித்த தொற்று

பகுதி 1 இல் கோடிட்ட சொற்களுக்கு இப்போது வருவோம். சாதாரண நிர்ப்பீடனம் இல்லாத உடலில் கொரோனா வைரசு சில வாரங்களில் அகலாது தங்கக்கூடும். தென்னாபிரிக்காவில் முற்றிய எச்.ஐ.வி. நோயுடன் இருந்த ஒருவரின் உடலில் கொரோனா வைரசு 216 நாட்கள் தங்கியிருந்தமை 2021 இல் அறிவிக்கப்பட்டது. அவருக்கு வழங்கப்பட்டிருந்த எச்.ஐ.வி. மருந்துகள் பயனளிக்கவில்லை. அந்நீண்ட காலத்தில் கொரோனா வைரசில் 30 இற்கு மேற்பட்ட விகாரங்கள் தோன்றின.

இது ஏன் நிகழ்கின்றது? ஆர்.என்.ஏ. பிரதியெடுக்கப்படும்போது பிழைகள் நேர்கின்றன. நிர்ப்பீடனம் வைரசை விரைவாக அழித்துவிட்டால் அப்பிழைகள் அத்துடன் முடிந்துவிடும். அழிக்கவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் தளர்ந்த நிர்ப்பீடனம் போராடிக்கொண்டிருந்தால், பிறபொருளெதிரிகளுக்குத் தப்பக்கூடிய விகாரிகள் தேர்ந்தெடுக்கப்படும். இயற்கைத் தேர்வு பற்றி நீங்கள் கற்றது இங்கு ஓர் உடலினுள்ளேயே நடைபெறுகின்றது.

அந்நோயாளிக்கு என்ன நடந்தது என அறிய விரும்புவீர்கள். எச்.ஐ.வி. மருந்து மாற்றப்பட்டது. புதிய மருந்தினால் எச்.ஐ.வி. கட்டுப்பட்டது. அதனை அடுத்துக் கொரோனா வைரசும் உடலிலிருந்து அகன்றது. மீண்டு வந்த நிர்ப்பீடனம் தன் வேலையைச் செய்தது எனலாம். இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

நீடித்த தொற்று எச்.ஐ.வி. இல் மட்டும் நிகழ்வதன்று. அங்கமாற்றுச் சிகிச்சை பெற்றோர், குருதிப் புற்றுநோயாளர் போன்ற நிர்ப்பீடனம் தளர்ந்த பிறரிலும் இது பதிவாகியுள்ளது. 2021 நவம்பரில் தென்னாபிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரோன் திரிபை உலகுக்கு அறிவித்தபோது, அது எச்.ஐ.வி. நோயாளரில் தோன்றியதென்ற பேச்சும் பரவியது. அவ்வாறு நிரூபிக்கப்படவில்லை. ஒரு திரிபை முதலில் கண்டறிந்த நாடும் அது தோன்றிய நாடும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

7. எச்.ஐ.வி. மருந்துகள் கொவிட்-19 ஐக் குணப்படுத்துமா?

இரண்டும் ஆர்.என்.ஏ. வைரசுகள் ஆதலால் இவ்வினா எழுந்தது. லொபினவிர்-றிற்றோனவிர் எனும் எச்.ஐ.வி. மருந்து கொவிட்-19 நோயாளருக்கு வழங்கிப் பரீட்சிக்கப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தின் "றிக்கவரி" பரிசோதனை 2020 ஜூனில் அதனால் மரணம் குறையவில்லை என அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் 2020 ஜூலையில் தனது பரிசோதனையில் அம்மருந்தை நிறுத்தியது. எச்.ஐ.வி. யின் நொதியத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்ட மருந்து வேறொரு வைரசின் நொதியத்துக்குப் பொருந்தவில்லை.

ஸ்பெயினில் சிகிச்சை பெறும் 77,590 எச்.ஐ.வி. நோயாளரை ஆராய்ந்தபோது, தெனோபோவிர் டைசொப்ரொக்சில்-எம்ற்றிசிற்றபின் எனும் மருந்தை உட்கொண்டவர்களில் கொவிட்-19 குறைவாகக் காணப்பட்டது. மருந்துதான் காத்தது என முடிவு செய்யலாமா? சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வைத்தியர் இம்மருந்தைத் தவிர்ப்பர். ஆகவே இதனைப் பெற்றவர்கள் ஏற்கனவே ஆரோக்கியம் கூடியவர்களாக இருந்திருக்கலாம். பின்னர் நடந்த எழுமாற்றுப் பரிசோதனைகள் உறுதியான பயனைக் காட்டவில்லை. இரண்டு விடயங்கள் ஒன்றாகக் காணப்படுவதால் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது.

எனினும் ஒரு மருந்து இரு நோய்களையும் இணைக்கின்றது. றிற்றோனவிர் 1996 இல் எச்.ஐ.வி. க்கென அங்கீகரிக்கப்பட்டது. ஈரலிலுள்ள ஒரு நொதியத்தைத் தடுத்து, கூட வழங்கப்படும் மருந்து விரைவாகச் சிதைவடையாமல் காப்பது அதன் இயல்பு. கொவிட்-19 க்கான பக்ஸ்லோவிட் எனும் மாத்திரையில் நேர்மற்றல்விர் எனும் மருந்துடன் இதே நோக்கத்துக்காகவே றிற்றோனவிர் சேர்க்கப்பட்டுள்ளது. அதே காரணத்தால் இது வேறு பல மருந்துகளின் அளவையும் குருதியில் உயர்த்தும். தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் நோயாளி வைத்தியரிடம் கூற வேண்டியது இதனாலேயே.

கொவிட்-19 தொற்றியவர் தமது எச்.ஐ.வி. மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது.

8. தடுப்பூசி

நிர்ப்பீடனம் தளர்ந்தோருக்குச் சில உயிர்த் தடுப்பூசிகள் ஏற்றவையல்ல என்பதை அறிவீர்கள். இதனால் எச்.ஐ.வி. உடன் வாழ்வோர் சிலர் கொவிட்-19 தடுப்பூசிக்கும் அஞ்சினர். உலகெங்கும் பரவலாக வழங்கப்பட்ட எம்.ஆர்.என்.ஏ. வகை, பெருகாத காவி வைரசு வகை, செயலிழந்த வைரசு வகை ஆகிய எவற்றிலும் நோயை உண்டாக்கக்கூடிய உயிருள்ள கொரோனா வைரசு இல்லை. ஆகவே அவை இவர்களுக்கும் பாதுகாப்பானவை.

தடுப்பூசியின் துலங்கல் நிர்ப்பீடன நிலையைப் பொறுத்தது. சீ.டீ.4 எண்ணிக்கை மீண்டவர்களில் உருவாகும் பிறபொருளெதிரிகள் ஏனையோரினதை ஒத்தவை. 200 இற்குக் குறைந்தவர்களில் அவை குறைவு. தளபதி இல்லாத படைக்குப் பயிற்சி அளிப்பது கடினம் அல்லவா? இதனாலேயே 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு நிர்ப்பீடனம் தளர்ந்தோருக்கு மேலதிகமாக ஒரு தடவை வழங்கப் பரிந்துரைத்தது. 2023 மார்ச்சில் வெளியான வழிகாட்டலிலும் இவர்கள் உயர் முன்னுரிமைப் பிரிவில் வைக்கப்பட்டனர்.

9. வைரசு தொடாமலே வந்த பாதிப்பு

கொவிட்-19 தொற்றாமலே அதனால் பாதிக்கப்பட்டோரும் உண்டு. 2020 மார்ச் 27 முதல் தென்னாபிரிக்கா முடக்கப்பட்டது. குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் 65 சிகிச்சை நிலையங்களில் 2020 ஏப்ரலில் எச்.ஐ.வி. பரிசோதனைகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன. புதிதாகச் சிகிச்சை தொடங்கியோர் தொகையும் அவ்வாறே குறைந்தது. பரிசோதனை நடவாத ஒவ்வொரு நாளும், தமக்குத் தொற்று இருப்பதை அறியாத ஒருவரின் சீ.டீ.4 கலங்கள் அழிந்துகொண்டே இருந்தன.

ஆயினும் ஏற்கனவே சிகிச்சை பெற்றோர் மருந்து பெறுவது அந்நிலையங்களில் பெருமளவுக்குத் தடைப்படவில்லை. பல மாதங்களுக்குரிய மாத்திரைகளை ஒரே தடவையில் வழங்குதல், வீட்டுக்கு அண்மையில் மருந்து பெறும் இடங்களை அமைத்தல் போன்ற முறைகள் பல நாடுகளில் கைகொடுத்தன. மருந்து விநியோகம் ஆறு மாதங்கள் தடைப்பட்டால் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் மேலதிகமாக 5 இலட்சம் பேர் இறக்கக்கூடும் என 2020 மே மாதத்தில் ஒரு கணிப்பீடு எச்சரித்தது. விநியோகம் அவ்வளவுக்குத் தடைப்படாமற் காக்கப்பட்டதால் அக்கணிப்பு மெய்யாகவில்லை.

இன்னொரு சிக்கல் நோயறிதலாகும். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியன கொவிட்-19 இலும் உண்டு, காசநோயிலும் உண்டு, முற்றிய எச்.ஐ.வி. இல் வரும் நியூமோசிஸ்ரிஸ் நியூமோனியாவிலும் உண்டு. ஒன்றுக்கு மட்டும் பரிசோதித்துவிட்டு மற்றவற்றை மறந்தால் நோயாளி உயிரிழக்க நேரிடும்.

10. ஒதுக்கலும் ஒரு நோய்க்காரணியே

மாணவர்களே, கொவிட்-19 பரவிய நாட்களில் தொற்றாளர் வீடுகளை அயலவர் அச்சத்துடன் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அவ்வொதுக்கல் சில வாரங்களில் நீங்கியது. எச்.ஐ.வி. உடன் வாழ்வோர் அதனை ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கின்றனர். ஒதுக்கலுக்கு அஞ்சுபவர் பரிசோதனைக்குச் செல்வதில்லை. பரிசோதிக்காதவருக்குச் சிகிச்சை இல்லை. சிகிச்சை இல்லாதவரின் சீ.டீ.4 எண்ணிக்கை வீழ்கின்றது. எண்ணிக்கை வீழ்ந்தவரையே கொவிட்-19 கடுமையாகத் தாக்குகின்றது. இச்சங்கிலியின் முதற் கண்ணி வைரசன்று, எமது நடத்தையே.

இலங்கையில் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகவும் இரகசியம் பேணப்பட்டும் வழங்கப்படுகின்றன என்பதை அறிந்து வைத்திருங்கள்.

நினைவிற் கொள்க

- எச்.ஐ.வி. உடன் வாழ்வோரில் கொவிட்-19 மரண ஆபத்து ஏனையோரிலும் பார்க்க ஓரளவு அதிகம்.
- சீ.டீ.4 எண்ணிக்கை 200 இற்குக் குறைந்தோர், சிகிச்சை பெறாதோர், காசநோய் அல்லது பிற நாட்பட்ட நோய் உள்ளோர் ஆகியோருக்கே ஆபத்து மிகுதி.
- முற்றிய நிலையில் கொரோனா வைரசு நீண்டகாலம் உடலில் தங்கி விகாரமடையக்கூடும்.
- தடுப்பூசி பாதுகாப்பானது. நிர்ப்பீடனம் தளர்ந்தோருக்கு மேலதிக தடவைகள் தேவை.
- எச்.ஐ.வி. மருந்தைத் தொடர்ந்து உட்கொள்வதே முதன்மையான பாதுகாப்பு.

மாதிரி வினாக்கள்

1. எச்.ஐ.வி. பிரதானமாகத் தாக்கும் கலம் எது?
(1) செங்குழியம் (2) உதவி ரீ நிணநீர்க்குழியம் (3) குருதிச் சிறுதட்டு (4) நுரையீரற் கலம்

2. முற்றிய எச்.ஐ.வி. நோயைக் குறிக்கும் சீ.டீ.4 எண்ணிக்கை (கனமில்லிமீற்றருக்கு),
(1) 1500 இலும் அதிகம் (2) 500 - 1500 (3) 350 - 500 (4) 200 இலும் குறைவு

3. (அ) சீ.டீ.4 எண்ணிக்கை, வைரசுச் சுமை ஆகியவற்றை வேறுபடுத்துக.
(ஆ) முற்றிய எச்.ஐ.வி. நோயுள்ள ஒருவரில் கொரோனா வைரசு விகாரமடையும் வாய்ப்பு அதிகமாவது ஏன்?
(இ) "எச்.ஐ.வி. உள்ளோரிலும் இல்லாதோரிலும் 10,000 பேருக்கு 9 பேர் வீதம் இறந்தனர். ஆகவே ஆபத்து சமம்." இக்கூற்றை விமர்சிக்க.

விடைகள்

1. (2)
2. (4)
3. (அ) முன்னையது நிர்ப்பீடனக் கலங்களின் அளவையும் பின்னையது குருதியிலுள்ள வைரசின் அளவையும் காட்டும். சிகிச்சை பயனளிக்கும்போது முன்னையது உயரும், பின்னையது குறையும்.
(ஆ) தொற்று நீடிப்பதால் பிரதியெடுத்தல் அதிக தடவைகள் நிகழும். பிழைகள் சேரும். தளர்ந்த நிர்ப்பீடனத்துக்குத் தப்பும் விகாரிகள் இயற்கைத் தேர்வால் நிலைக்கும்.
(இ) கூற்று பிழையானது. இரு கூட்டத்தினரின் வயதுப் பரம்பலும் ஒன்றல்ல. எச்.ஐ.வி. உள்ளோரில் மிக முதியோர் குறைவு. வயதைச் சமப்படுத்தி ஒப்பிட்டால் அவர்களில் ஆபத்து அதிகமென்பது புலப்படும்.

விடை எழுதும்போது "நிச்சயம்", "ஒருபோதும்" ஆகிய சொற்களைத் தவிர்த்து, "யாருக்கு, எந்நிலையில், எவ்வளவு" எனத் தெளிவாக எழுதப் பழகுங்கள். புள்ளிகளும் அதற்கே கிடைக்கும், உண்மையும் அதிலேயே உள்ளது.